பொம்பாக்காரர்களை நினைக்கும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் ஒவ்வொரு வருஷமும் மே 4-ஆம் தேதி சாயங்காலம் ஒரு சின்னக் கூட்டம் நடக்கிறது. தீயணைப்பு வீரர்களை, குறிப்பாகப் பணியில் உயிர்விட்டவர்களை, நினைப்பதற்கான கூட்டம். அரை மணி நேரப் பேச்சு, ஒரு நிமிஷ மௌனம், அப்புறம் தேநீர். அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வருகிற கேள்விகள் நிறைய. லிஃப்டில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்குக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏன் மே 4?

1998 டிசம்பர் 2-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லின்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் காட்டுத்தீ. அணைக்கப் போனவர்களில் ஐந்து பேர் ஒரே வண்டியில் இருந்தார்கள். ஐவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். காற்று திடீரென்று திசை மாறியது, நெருப்பு வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஐவரும் இறந்தார்கள். உலகம் முழுக்கத் தீயணைப்பு வீரர்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் எழுந்தது. ஐரோப்பாவில் தீயணைப்பு வீரர்களின் காவலராக வணங்கப்படும் புனித ஃபுளோரியனின் திருநாள் மே 4. அதையே எடுத்துக்கொண்டார்கள். அன்று சட்டையில் குத்துகிற நாடாவில் சிவப்பு நெருப்புக்கு, நீலம் தண்ணீருக்கு.

"பொம்பா" என்பது தமிழ்ச் சொல்லா?

இல்லை. மலாய்ச் சொல். மலாய்க்கு அது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு நீர் இறைக்கும் பம்ப் என்று பொருள். தமிழ்ச் செய்தித்தாளில் தீயணைப்பு மீட்புத் துறை என்று எழுதுவார்கள். வீட்டில் புகை வந்தால் யாரும் அப்படிக் கத்துவதில்லை. "பொம்பாவைக் கூப்பிடு" என்றுதான் கத்துகிறோம். அதனால் இந்தப் பக்கத்திலும் பொம்பாதான்.

இந்த நாட்டில் யாரை நினைக்கிறோம்?

பலரை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதலில் சொல்வது பூச்சோங்கில் போன ஆறு பேரை.

2018 அக்டோபர் 3. பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானா பக்கத்தில், கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குட்டையில் மீன்பிடிக்கப் போன 17 வயதுப் பையன் தண்ணீரில் விழுந்துவிட்டான். பொம்பாவின் நீர் மீட்புக் குழு வந்தது. கிள்ளான் துறைமுகம், ஷா ஆலாம் நிலையங்களைச் சேர்ந்த ஆறு பேர், ஒரே கயிற்றில் ஒருவரோடு ஒருவர் இணைந்தபடி இருட்டில் தண்ணீருக்குள் இறங்கினார்கள். வேகமான நீரோட்டம் அவர்களைச் சுழலுக்குள் இழுத்தது. ஆறு பேருமே திரும்பவில்லை.

அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்தில் யாராவது ஒருவர், "கட்டிக்கொண்டு இறங்கியதுதான் தப்போ" என்று கேட்பார். கயிறு எதற்கு? கலங்கிய தண்ணீரில் பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். கயிறு இருந்தால்தான் அவன் இருக்கிறானா, போய்விட்டானா என்று கைக்குத் தெரியும். கூட வந்தவனைத் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பிடித்த கயிறு அது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் அவர்களில் ஒருவருக்கும் சொந்தக்காரன் கிடையாது, தெரிந்தவனும் கிடையாது. அதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஆறு பேரின் பெயர்களையும் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கிறோம். குடும்பங்களை மனதில் வைத்து இங்கே எழுதவில்லை.

சீஃபீல்ட் கோயில் விவகாரத்தைப் பேசித்தான் ஆகவேண்டுமா?

இந்தக் கேள்வி நம்மவர்களிடமிருந்துதான் வருகிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டு. பேசித்தான் ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை இடம் மாற்றுவது தொடர்பான தகராறு 2018 நவம்பர் கடைசியில் கலவரமாக வெடித்தது. வாகனங்கள் எரிந்தன. தீயை அணைக்க வந்த பொம்பா குழுவில் முகமட் அடிப் முகமட் காசிம் என்ற 24 வயது இளைஞர் இருந்தார். சுபாங் ஜெயா நிலையத்தின் அவசர மருத்துவ வண்டியில் வந்தவர். நவம்பர் 27 அதிகாலையில் படுகாயமடைந்தார். மூன்று வாரம் உயிருக்குப் போராடி டிசம்பர் 17-ஆம் தேதி தேசிய இருதய மருத்துவமனையில் இறந்தார். அடுத்த சில நாளில் அவருக்குக் கல்யாணம் நடக்கவிருந்தது. அவருடைய மரணம் அடையாளம் தெரியாத நபர்களின் குற்றச் செயலால் நேர்ந்தது என்று 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எரிவது யாருடைய கார், யாருடைய கோயில் வாசல் என்று பார்த்து அவர் வண்டியில் ஏறவில்லை. அழைப்பு வந்தது, வந்தார். நாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஒரு மாரியம்மன் கோயில் வாசலுக்கு உதவி செய்ய வந்த பிள்ளை உயிரோடு வீடு திரும்பவில்லை என்பது நமக்கு எப்போதும் வலிக்க வேண்டிய விஷயம். யார் செய்தார்கள் என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் பெயரை நம் வாயால் மரியாதையாகச் சொல்ல அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் ஏழாவது பெயர் அவருடையது.

அவர்களுக்குப் பயமே இருக்காதா?

இருக்கும். ஒரு தீயணைப்பு அதிகாரி எங்கள் பிள்ளைகளிடம் பேச வந்தபோது, "பயப்படாத ஆளை நான் உள்ளே அனுப்பமாட்டேன்" என்றார். பயம் இருக்கிறவன்தான் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பானாம்.

உள்ளே போகிறவர் முதுகில் இருக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் கிடையாது, சாதாரணக் காற்றுதான். 300 பார் அழுத்தத்தில் அடைத்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் ரொம்ப நேரம் வரும். படியேறி, குழாயை இழுத்து, ஆளைத் தூக்கினால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீரப்போகிறது என்றால் முகமூடிப் பக்கம் ஒரு விசில் தானாக ஊதும். அந்த விசிலுக்கு முன்பே அவர் திரும்பும் வழியில் இருக்க வேண்டும். வெளியே ஒருவர் பலகை வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு காற்றோடு போனார் என்று அவர் குறித்துக்கொண்டு, யாருக்கு எப்போது தீரும் என்று கணக்குப் போட்டபடி இருப்பார். உள்ளே ஒருவர் அரை நிமிஷம் போல் அசையாமல் கிடந்தால் உடம்பில் மாட்டியிருக்கும் கருவி அலற ஆரம்பித்துவிடும்.

புகைக்குள் கண்ணுக்கு வேலை கிடையாது. தரையோடு தவழ்ந்து, ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், இரண்டு பேராகத்தான் போவார்கள். திரும்பி வர வழி தெரியாவிட்டால் தண்ணீர்க் குழாயைத் தடவிக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் அடிப்பதிலும் ஆபத்து உண்டு. நீர் ஆவியானால் 1,700 மடங்கு பெருகும். மூடிய அறையில் தப்பாக அடித்தால் அந்த ஆவியே அடித்தவரை வேகவைத்துவிடும். இவ்வளவையும் 20 கிலோவுக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு செய்ய வேண்டும்.

சில நேரம் எரியட்டும் என்று விட்டுவிட்டு நிற்கிறார்களே, ஏன்?

2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு இதைப் பலர் கோபமாகவே கேட்டார்கள். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், காலை எட்டு மணிக்குமேல், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து நெருப்பு முப்பது மீட்டருக்கும் மேல் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. பொம்பாக்காரர்கள் அந்தப் பெரிய நெருப்பை அணைக்க முயலவில்லை. ஆட்களை வெளியேற்றினார்கள், காயம்பட்டவர்களை மீட்டார்கள், தீ பக்கத்துக்குப் பரவாமல் தடுத்தார்கள்.

வாயு வந்துகொண்டே இருக்கும்போது நெருப்பை மட்டும் அணைத்தால், வாயு கண்ணுக்குத் தெரியாமல் பரவி, ஏதோ ஒரு பொறியில் மொத்தமாக வெடிக்கும். அதனால் முதலில் குழாயின் வால்வை மூட வேண்டும், உள்ளே மிச்சமிருப்பது எரிந்து தீர வேண்டும். அன்று சாயங்காலம் நெருங்கும்போதுதான் அணைந்தது. அத்தனை பெரிய விபத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்த வெக்கைக்குப் பக்கத்தில் போய் வீடு வீடாக ஆளைத் தேடியதும் வீரம்தான். கேமராவில் அவ்வளவாகத் தெரியாத வீரம்.

காப்பாற்ற முடியாமல் போன சம்பவங்களையும் நினைக்கிறோமா?

ஆமாம். கம்போங் டத்தோ கிராமாட் எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. 2017 செப்டம்பர் 14 அதிகாலை அங்கே ஒரு சமயப் பள்ளியின் மேல்மாடி விடுதியில் தீ. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 23 பேர் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. அந்தப் பிள்ளைகளால் ஜன்னல்வரை வர முடிந்தது, வெளியே குதிக்க முடியவில்லை.

அன்று உள்ளே போன வீரர்களும் யாரோ ஒரு பிள்ளைக்கு அப்பாவாகத்தான் இருந்திருப்பார்கள். உயிரோடு ஒருவரை இறக்கினால் கைதட்டுகிறோம். இறந்த குழந்தையைப் போர்த்திச் சுமந்துகொண்டு வருகிறவருக்கு யாரும் கைதட்டுவதில்லை. அவர் மறுநாள் மறுபடியும் பணிக்கு வருகிறார். நான் அவரைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஏன் கிரில் சாவியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

காரணம் ஒன்பதாவது மாடிப் பாட்டி. அப்போது குடியிருந்தவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

பாட்டி பகலில் தனியாக இருப்பார். திருட்டுப் பயத்தில் மகன் வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கிரில் கம்பியைப் பிடித்து ஆட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை. பாட்டி உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மலாய் அவ்வளவாக வராது. பொம்பாக்காரர்கள் முழு உடுப்போடு ஒன்பது மாடியும் படியில் ஏறி வந்தார்கள். ஒருவர் கம்பியை வெட்ட, இன்னொருவர் மண்டியிட்டுக் கையை கிரிலுக்குள் நுழைத்துப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாபார் மாக்சிக், சாபார்" (பொறுங்கள் அம்மா, பொறுங்கள்) என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, பாட்டி "தம்பி, தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பி அறுந்து விழும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

எல்லாம் முடிந்தபின் கீழே நடைபாதை விளிம்பில் அந்தத் தம்பி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. குழாய்த் தண்ணீரா என்று கேட்டேன். வேர்வை என்றார்.

பாட்டி அதற்குப் பிறகு நாலு வருஷம் நன்றாக இருந்தார். ஒரு சாவி உள்ளே ஆணியில் தொங்கியிருந்தால் அவர் தானே திறந்துகொண்டு வெளியே வந்திருப்பார். அந்த இரண்டு பேரும் கொதிக்கும் புகைக்கு முன்னால் அத்தனை நேரம் நின்றிருக்க வேண்டியதே இல்லை.

கூப்பிட்டால் லேட்டாகத்தான் வருகிறார்கள் என்கிறார்களே?

கொஞ்சம் நம் வாசலைப் பார்ப்போம். இரவில் உள்ளே வருகிற பாதையில் இரண்டு வரிசைக் கார் நிற்கிறது. தீயணைப்பு வண்டி பெரிய லாரி அளவு, வளைவில் திரும்ப இடம் வேண்டும். தீயணைப்புக்கென்று வாசலில் இருக்கும் தண்ணீர்க் குழாய் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். வண்டியில் வருகிற தண்ணீர் சில நிமிஷங்களுக்குத்தான் வரும், அப்புறம் அந்தக் குழாய்தான் கதி.

கூப்பிட வேண்டிய எண் 999. பதறாமல் சொல்ல வேண்டியது: என்ன எரிகிறது, எந்தத் தாமான் (குடியிருப்பு), எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன அடையாளம், உள்ளே ஆள் இருக்கிறாரா. அவர்கள் போதும் என்று சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு வரி மனப்பாடம் செய்து கொடுங்கள்: "ரூமா தெர்பாக்கார், ஆடா ஓராங் டி டாலாம்." வீடு எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள். ஒருவர் கீழே வாசலுக்கு ஓடி நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும்.

தீயை மட்டும்தான் அணைப்பார்களா?

தீ அவர்கள் வேலையில் ஒரு பங்குதான். வெள்ளம், நசுங்கிய கார், கிணற்றில் விழுந்தவர், விரலில் இறுகிய மோதிரம், குளவிக் கூடு எல்லாம் உண்டு. 1993-இல் ஹைலண்ட் டவர்ஸ் இடிந்து 48 பேர் இறந்தபின், பெரிய பேரிடர்களுக்கென்று ஸ்மார்ட் என்ற சிறப்பு மீட்புக் குழு அமைந்தது. அதிலும் பொம்பாக்காரர்கள் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். கடைசி உடல் கிடைக்கும்வரை ஒன்பது நாள் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடிந்தால் ஆபத்தும் முடிந்துவிடுமா?

முடியாது. புகையில் இருக்கும் நச்சு உடுப்பில், கழுத்தில், கையுறையில் ஒட்டிக்கொண்டு வரும். தீயணைப்புப் பணியே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. அழுக்கு உடுப்பைப் பெருமையாகப் பார்த்த காலம் போய், உடனே கழுவ வேண்டும் என்று இப்போது கற்றுக்கொடுக்கிறார்கள்.

அவர்களுக்குச் சாப்பாடு, பணம் கொடுக்கலாமா?

பணம் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர்கள், பரிசு வாங்க விதிகள் இருக்கின்றன, அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். நிலையத்துக்கு ஏதாவது கொண்டுபோக ஆசை என்றால் முதலில் போன் செய்து கேளுங்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள், அதனால் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், பழங்கள் நல்லது. நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம். நன்றிக் கடிதம் எழுதினால் இன்னும் நல்லது. தேதி, இடம், அவர்கள் செய்த காரியம் மூன்றும் அதில் இருக்கட்டும்.

இறந்தவர்கள் முஸ்லிம்கள். நாம் விளக்கேற்றலாமா?

உங்கள் வீட்டில் தாராளமாக ஏற்றுங்கள். கூட்டத்தில் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக மௌனம். நமக்கு இதில் பழைய வழி ஒன்று உண்டு. ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், ஊருக்குள் வந்த புலியோடு மல்லுக்கட்டி விழுந்தவனுக்கும் நம் முன்னோர் நடுகல் நட்டார்கள். கல்லில் அவன் பெயரும் அவன் செய்த காரியமும் இருக்கும். அதனால்தான் கூட்டத்தில் பெயரோடு நிறுத்தாமல், அவர் என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார் என்பதையும் ஒரு வரியில் வாசிக்கிறோம்.

பினாங்கில் இருக்கும் சொந்தக்காரர்கள் எங்கே போகலாம்?

ஜார்ஜ்டவுன் லெபோ பந்தாய், லெபோ சூலியா சந்திப்பில் 1908-இல் கட்டிய தீயணைப்பு நிலையம் இருக்கிறது, உயர்ந்த கோபுரத்தோடு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம். அண்ணன் பிள்ளைகளை ஒரு தடவை அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். கடைசிவரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வண்டிப் பக்கத்தில் பார்த்த பூட்ஸைப் பற்றி. கால்சட்டையைப் பூட்ஸின் மேலேயே சுருட்டி நிற்க வைத்திருந்தார்கள். மணி அடித்தால் காலை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டால் போதும்.

நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகலாமா?

போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர்கள் பொதுச் சேவை ஆணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். உடல் தகுதித் தேர்வு கடுமை. முழு நேர வேலை முடியாதவர்களுக்குத் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் பொம்பா தொடங்கியதே அப்படித்தான்: 1881-இல் நகரம் எரிந்த பிறகு, 1883-இல் 15 தன்னார்வலர்களோடு. எரிந்த நகரத்தைச் செங்கல்லால் திரும்பக் கட்டியபோது செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

உங்கள் வீட்டு கிரிலின் மாற்றுச் சாவி ஒன்று. மண்டபத்தில் சிவப்புப் பெயின்ட்டும், கொக்கியும், துளை போடும் மிஷினும் இருக்கும். சாவியின் தலையில் சிவப்புப் பூசிக் காயவைத்துத் தருகிறோம். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு நாங்களே வந்து, உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில் கொக்கியை மாட்டிவிடுகிறோம். மாடி எண்ணை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.